ஆமாம் என்று எழுதியவள்

என் தம்பி மனைவியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் பேனா முரண்டு பிடிக்கிறது. பிடிக்கட்டும். உள்ளதை உள்ளபடியே எழுதிவிட்டுப் போகிறேன். எனக்கு அவளைக் கண்டால் வயிறெரியும். இதை முதலிலேயே சொல்லிவிட்டால், பிறகு நான் எதைச் சொன்னாலும் நீங்களே கொஞ்சம் கழித்துக்கொண்டு படிப்பீர்கள்.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனி. பிஸ்கட், சாக்லேட், பாக்கெட் சூப் என்று பல நாடுகளில் விற்கிற பெரிய இடம். மூன்றாவது மாடியில் பதில் பிரிவு என்று ஒன்று உண்டு. எண்ணெய் எங்கிருந்து வாங்குகிறீர்கள், தோட்டங்களில் சின்னப் பிள்ளைகளை வேலை வாங்குகிறீர்களா, ஆலைக்குத் தண்ணீர் எவ்வளவு உறிஞ்சுகிறீர்கள் என்றெல்லாம் மக்கள் கேட்பார்கள். நாங்கள் பதில் எழுத வேண்டும். பதில் கம்பெனியின் இணையப் பக்கத்திலும் ஏறும்.

எழுத வேண்டும் என்று சொல்வது பேச்சுக்குத்தான். தலைமையகம் ஒப்புதல் கொடுத்த நாற்பத்து மூன்று பதில்கள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். “தண்ணி பத்திக் கேட்டவருக்கு எந்த நம்பர்க்கா?” என்று பக்கத்து மேஜைக்காரர்கள் கேட்டால் “பன்னெண்டு போடு” என்பேன், வேலை முடிந்தது. பாதிப் பதில்கள் ‘முயல்கிறோம்’ என்றே முடியும். ஒரு மனிதர், “இத்தனை முயல் வளர்க்கிறீர்களே, நீங்கள் பிஸ்கட் கம்பெனிதானா?” என்று கேட்டு எழுதியிருந்தார். அவருக்கும் நான் முகம் சுளிக்காமல் ஐந்தாம் எண்ணை அனுப்பினேன். பதினோரு வருடம் இப்படித்தான் ஓடியது. ஒரு கடிதத்திலும் என் கையெழுத்தால் கம்பெனிக்குத் தலைகுனிவு வந்ததில்லை.

அவள் கீழ்த்தளத்தில் பாக்கெட் போடும் பிரிவில் எட்டு வருடம் நின்றவள். மணிக்கட்டில் சீல் வைக்கிற மெஷின் சுட்ட தழும்புகள். மெஷின் சத்தத்தில் இடது காது கொஞ்சம் மந்தமாகி, யார் பேசினாலும் தலையைச் சாய்த்துத்தான் கேட்பாள். அதைப் பார்த்து எதிரில் இருப்பவருக்கு என்னமோ தன்னிடம் மட்டும் அக்கறை காட்டுகிறாள் என்று தோன்றும். காது கேட்கவில்லை, அவ்வளவுதான்! நின்று நின்று கால் வீங்குகிறது என்று தம்பி புலம்பினானே என்று நான்தான் ஆளைப் பிடித்துப் பேசி அவளை மாடிக்கு மாற்றிக் கொண்டுவந்தேன். எனக்கு நானே வைத்துக்கொண்ட ஆப்பு.

வந்த இரண்டாம் வாரம் ஒரு பள்ளி ஆசிரியை எழுதியிருந்தார். பாக்கெட்டில் பன்னிரண்டு பிஸ்கட் இருந்தது, இப்போது பத்துதான் இருக்கிறது, விலை மட்டும் அப்படியே, ஏன்? அதற்குப் பதினேழாம் எண். ‘நுகர்வோரின் மாறிவரும் தேவைகளைக் கருத்தில்கொண்டு பொதியின் வடிவமைப்பை மேம்படுத்தியுள்ளோம்.’ எவ்வளவு அழகான வாக்கியம்! இவள் என்ன செய்தாள்? அதற்கு மேலே தன் கையால் மூன்று வரி சேர்த்தாள்.

“ஆமாம், இரண்டு குறைத்திருக்கிறோம். பாக்கெட் போடும் இடத்தில் நானே நின்றிருக்கிறேன். நீங்கள் எண்ணியது சரி.”

எங்கள் பிரிவிலிருந்து ‘ஆமாம்’ என்ற சொல் அதற்கு முன் வெளியே போனதே இல்லை. எங்கள் பொறுப்பாளர், கண்ணாடி சார் என்று கூப்பிடுவோம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். “பொய் ஒண்ணும் இல்லையே” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆசிரியை நன்றி சொல்லி இரண்டு பக்கம் எழுதினார். அதன்பின் இவளுக்குக் குளிர்விட்டுப்போயிற்று. ஆமாம், இல்லை, தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று கடிதத்துக்குக் கடிதம் ஒரு வரி. ஆபீசில் அவளுக்கு ‘ஆமாம்மா’ என்றே பேர் விழுந்தது.

இணையப் பக்கத்தில் ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் ‘பயனுள்ளதாக இருந்தது’ என்று ஒரு பொத்தான் உண்டு. அவள் பதில்களுக்கு நானூறு, ஐந்நூறு பேர் அழுத்தினார்கள். என்னுடைய மிகச் சிறந்த பதிலுக்கு இரண்டு பேர். அதில் ஒன்று நான். இன்னொன்று என் வீட்டுக்காரர், அதுவும் நான் போனைக் கையில் திணித்த பிறகு.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குச் சாப்பிடப் போனால் அங்கேயும் இவள் புராணம்தான். “அக்கா, இவ லெட்டரை டாக்டர் ஒருத்தர் பிரேம் போட்டு மாட்டியிருக்காராம்!” என்பான் தம்பி. இவள், “சும்மா இருங்க, எல்லாம் அக்கா சொல்லிக் குடுத்தது” என்பாள். வாயில் வைத்த சோறு எனக்கு இறங்காது. நான் எங்கே சொல்லிக் கொடுத்தேன்? நான் சொல்லிக் கொடுத்தது பதினேழு!

இந்த நேரம் பார்த்துக் கண்ணாடி சார் ஓய்வு பெறுவதாக அறிவிப்பு வந்தது. அந்த நாற்காலி என்னுடையது என்று நான் பல வருடமாக நினைத்திருந்தேன். இப்போதோ தேநீர் குடிக்கப் போனால், “அடுத்தது ஆமாம்மாதானே?” என்று என் காதுபடவே பேசினார்கள். நேற்று வந்தவள் தலைமேல் உட்கார, நான் அவளிடம் விடுப்புக்குக் கைகட்டி நிற்பதா? அதுவும் தம்பி பெண்டாட்டியிடம்? இரண்டு வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு மத்தியானம் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஊழியர்கள் பெயர் சொல்லாமல் புகார் செய்ய ஒரு படிவம் உண்டு. ‘உங்கள் ஊழியர்கள் பயமின்றிக் குறை சொல்ல முடியுமா?’ என்று மக்கள் கேட்டால் அந்தப் படிவத்தைத்தான் பெருமையாகக் காட்டுவோம். அதை நானே திறந்தேன். ஒப்புதல் இல்லாத ஆறு பதில்களை இணைத்தேன். ‘கம்பெனியின் நலன் கருதி’ என்று தொடங்கினேன். அனுப்பிவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அவள் தன் டப்பாவைத் திறந்து, “அக்கா, நீங்க இன்னும் சாப்பிடலையே” என்றாள்.

பத்தே நாள். அவளுடைய வரிகள் எல்லாம் இணையப் பக்கத்திலிருந்து மறைந்தன. அவளை மறுபடி கீழ்த்தளத்துக்கு அனுப்பினார்கள். கண்ணாடி சார் எவ்வளவோ மன்றாடினார், நடக்கவில்லை. அடுத்த வாரம் என் பெயருக்குப் பதவி உயர்வுக் கடிதம் வந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

சாயங்காலம் அவளும் தம்பியும் இனிப்போடு வந்தார்கள். நாள் முழுக்க நின்றதில் அவள் கால் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தது. அழுது வடிவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு அப்பவே தெரியும்க்கா. அறிவிப்பு வந்த அன்னைக்கே சார் என்னைக் கூப்பிட்டு, நீ பொறுப்பை எடுத்துக்கிறியான்னு கேட்டாரு. அக்கா இருக்கும்போது நான் எப்படி சார்னு சொல்லிட்டேன். என் முன்னாடியே உங்க பேரை எழுதி அனுப்பினாரு. உங்களுக்குத் திடீர்னு சந்தோஷமா வரட்டும்னுதான் வாயைத் திறக்கலை.”

அறிவிப்பு வந்த அன்றைக்கே! நான் படிவத்தைத் திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே நாற்காலி என் பேருக்கு ஆகிவிட்டிருக்கிறது. என் வீட்டுக்காரர் இனிப்பை எடுத்து என் வாயருகே நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

தம்பிக்குத்தான் ஆறவில்லை. “எந்தப் பாவிக்கா போட்டுக் குடுத்திருப்பான்? உனக்குத் தெரியாம அங்க என்ன நடக்கும்?” என்றான்.

“எனக்குத் தெரியலைடா” என்றேன்.

“அக்காவைப் போய்க் கேக்கறீங்களே. தெரிஞ்சிருந்தா அக்கா விட்டிருப்பாங்களா?” என்று அவள் அவனை அடக்கினாள். தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

முழுசாக நம்பினாள். ஒருத்தரை அப்படி நம்ப எனக்கு இந்த வயதுவரை வந்ததில்லை. அந்த நிமிஷத்தில்கூட எனக்கு அவள்மேல் பொறாமையாகத்தான் இருந்தது.