சத்தத்துக்கு முந்தி வரும் ரவை

சுவிஸின் ஓல்டன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது இலங்கையில் போர் முடிந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. அங்கே தலைமைச் சமையற்காரி என் வயதுச் சுவிஸ் பெண். காலை இடைவேளையில் மற்றவர்கள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் ஒரு தடித்த திகில் நாவலைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து வாசிப்பாள். கையில் பென்சில் இருக்கும். திடீரென்று மேசையில் அடித்துச் சிரிப்பாள்.

"ரிவால்வரின்ர சேஃப்டியைத் தட்டிவிட்டானாம்! இந்த ரிவால்வரில எங்கை இருக்கு சேஃப்டி?"

அவள் சொன்னது சுவிஸ் ஜெர்மனில். எனக்குள் அது எப்போதும் எங்கள் தமிழில்தான் வந்து விழும்.

பக்கத்துக் கிராமத்துச் சூட்டுக் கழகத்தில் அவள் இருபது வருட உறுப்பினர். முந்நூறு மீட்டர் தூரத்து இலக்கைச் சுடுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. திகில் நாவலில் எழுத்தாளர் துப்பாக்கி பற்றிப் பிழை விட்டால் ஓரத்தில் பென்சிலால் திட்டி எழுதுவாள். சரியாக எழுதியிருந்தால் ஒரு சின்னச் சூரியன் வரைவாள். வாசித்து முடித்த புத்தகங்களை எனக்குத் தருவாள். வகுப்பில் படித்த ஜெர்மனைவிட அந்த நாவல்களிலும் அவளுடைய திட்டுகளிலும் நான் படித்த ஜெர்மன் அதிகம். இரண்டு வருடத்தில் ஒரு துப்பாக்கியின் எந்தப் பகுதி எப்படி அசையும் என்று எனக்குச் சொல்லத் தெரிந்தது. துப்பாக்கியை மட்டும் தொட்டதில்லை.

அதற்குள் எனக்கொரு ஆசை வந்துவிட்டது. தமிழில் நான் வாசித்த திகில் கதைகளில் துப்பாக்கி எல்லாம் ஒன்றுதான். 'டுமீல்' என்றால் போதும். ஒரு வரிகூடப் பிழையில்லாத ஒன்றை நானே எழுதினால் என்ன? கதை தயாராக இருந்தது. ஓல்டனில் ரயில் பெட்டி துப்புரவு செய்யும் தமிழ்ப் பெண் ஒருத்தி, பொதி வைக்கும் தட்டில் யாரோ விட்டுப்போன இராணுவத் துப்பாக்கியைக் காண்கிறாள். இந்த நாட்டில் இராணுவச் சேவைக்குப் போகும் பையன்கள் தோளில் துப்பாக்கியோடு ரயிலேறுவதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன்.

கணவருக்கு இது பிடிக்கவில்லை.

"உமக்கு ஏனப்பா துவக்குக் கதை? எங்கட ஆக்கள் என்ன நினைப்பினம்? வெள்ளைக்காரன் என்ன நினைப்பான்?"

"கொலைகாரனைப் பிடிக்கிற கதைதானே. நான் என்ன துவக்கே வாங்கப் போறன்?" என்றேன்.

வாங்கவும் முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் இங்கே துப்பாக்கி வைத்திருக்கவோ சுடவோ கூடாது என்று ஒரு சட்டம் இருப்பதைச் சமையற்காரிதான் எனக்குச் சொன்னாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தன் கழகத்துக்கு என்னைக் கூட்டிப்போன வழியில் சொன்னாள். சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"நீ சுட ஏலாது. பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம்."

"அது காணும், எழுதினாலே போதும்," என்றேன்.

முதல் வெடி கேட்டது. குறிப்பெழுதக் கொண்டுபோன கொப்பியைப் போட்டுவிட்டுச் சுவரோடு குந்திவிட்டேன். அவள் பதறி ஓடிவந்து என் காதுக் கவசத்தைச் சரியாக அழுத்திவிட்டாள். வீட்டுக்குப் போவமோ என்று கேட்டாள். நான் இல்லையென்று தலையாட்டினேன். எழும்பி நிற்கப் பத்து நிமிடம் எடுத்தது. பிறகு கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன்: பாயில் எப்படிப் படுக்கிறார்கள், மூச்சை எங்கே நிறுத்துகிறார்கள், சுட்டபின் விரல் எப்படி மெதுவாகத் திரும்புகிறது.

புறப்படும்போது கேட்டேன்: "இலக்குப் பக்கம் நிக்கிறவனுக்கு என்ன கேட்கும்?"

அவள் யோசித்தாள். "தெரியேல்லை. நான் எப்பவும் துவக்குக்குப் பின்னாலதானே."

எனக்குத் தெரியும். பதினாறு வயதில் ஊரில் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் இருந்து கேட்டிருக்கிறேன். தலைக்கு மேலே முதலில் 'சடக்' என்று காற்று கிழியும். டும் என்ற வெடிச்சத்தம் தூரத்திலிருந்து பிறகுதான் வரும். ரவை என்று நாங்கள் சொல்லும் துப்பாக்கிக் குண்டு சத்தத்தைவிட வேகமாக வருகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள நேரத்தை வைத்து எவ்வளவு தூரத்திலிருந்து சுடுகிறார்கள் என்று எங்கள் ஒழுங்கையில் சின்னப் பிள்ளைகளும் சொல்வார்கள். என் நாவலின் துப்பு அதுதான். பக்கத்துக் கூரையிலிருந்து சுட்டதாகப் பொலிஸ் நினைக்கிறது. அந்தத் துப்புரவுப் பெண் 'சடக்'குக்கும் 'டும்'முக்கும் இடையில் அரை நொடி இருந்ததைக் கவனித்தவள். முந்நூறு மீட்டர் என்கிறாள்.

மூன்று வருடம் எழுதினேன். சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் எடுத்துக்கொண்டது. அச்சுக்குப் போகுமுன் பதிப்பாசிரியர் தொலைபேசியில் வந்தார்.

"மேடம், நாவல் பிரமாதம். ஆனா ஒரு லாஜிக் மிஸ்டேக் இருக்கு. சத்தம் கேட்டப்புறம்தானே புல்லட் வரும்? நீங்க தலைகீழா எழுதியிருக்கீங்க. மாத்திடறேன்."

"மாத்த வேண்டாம். அதுதான் சரி."

"ரீடர்ஸ் ஒத்துக்க மாட்டாங்க மேடம்."

"தம்பி, நான் கேட்டிருக்கிறன்," என்றேன்.

பிறகு, "சரிங்க மேடம், அப்படியே விட்டுடறேன்," என்றார். குரல் மாறியிருந்தது.

புத்தகம் வந்ததும் சமையற்காரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு எழுத்தும் தெரியாது. இடைவேளைகளில் நான் ஜெர்மனில் சொல்லச் சொல்ல அவள் கேட்டாள். கடைசி அத்தியாயம் முடிந்த அன்று, "இதை எங்கட ஆக்கள் கேட்க வேணும்," என்றாள். இலையுதிர்காலத்தில் கழகத்தின் வருடக் கடைசிச் சூட்டுப் போட்டி முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என்னை எழுப்பி நிறுத்தினாள். நாற்பது பேர் இருந்தார்கள். நான் அந்த அத்தியாயத்தை ஜெர்மனில் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். வாசித்தேன்.

முடிந்ததும் முன் மேசையிலிருந்த ஒருவர் கையை உயர்த்தினார். "சுட்டாப்பிறகு தெறிக்கிற வெற்று ரவைக் கோது இடப்பக்கம் விழுந்ததெண்டு வாசிச்சீங்கள். அந்தத் துவக்கில வலப்பக்கம்தான் விழும்."

அவர் சொன்னது சரி. நான் துப்பாக்கிக்கு முன்னால் நிற்பதுபோலக் கற்பனை செய்து எழுதியிருந்தேன். "என்ர பிழை. அடுத்த பதிப்பில திருத்துவன்," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

அவர் விடவில்லை. "ரவை முதலும் சத்தம் பிறகும் எண்டதும் சரியில்லை. நான் முப்பது வருசமாச் சுடுறன், அப்படிக் கேட்டதேயில்லை."

பின்வரிசையிலிருந்து கைத்தடியோடு ஒரு முதியவர் எழும்பினார். இலக்குகளில் மின்பலகை வருமுன், இலக்கடியில் வெட்டிய குழிக்குள் நின்று புள்ளிகளைக் காட்டும் வேலை செய்தவராம்.

"நீ சுடுற இடத்தில நிண்டு கேட்கிறாய். குழிக்குள்ள நிண்டு கேட்டனியோ? அவ சொல்றது அச்சொட்டாச் சரி. சடக், பிறகு டும்."

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்கள் எந்தக் குழியில நிண்டனீங்கள்?"

"யாழ்ப்பாணத்தில," என்றேன். "எங்கட வீட்டுப் பின்வளவில."

முதலில் கைதட்டியவர் கேள்வி கேட்ட அந்த மனிதர்தான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். என்னோடு வந்து ஓரத்தில் இருந்த என் கணவர் எழும்பி நின்று தட்டினார். அவர் கண் கலங்கியதை நான் கண்டேன், கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு என் முதுகு எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்பது எனக்குத்தான் தெரியும். தொடக்கூட அனுமதி இல்லாத ஒரு பொருளைப் பற்றி, அதோடு வாழ்கிறவர்கள் நடுவில் நின்று, அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லியிருந்தேன்.

இரண்டாம் பதிப்பில் கோது வலப்பக்கம் விழுந்தது. சில மாதங்களில் ஷாஃப்ஹவுசனிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. இங்கேயே பிறந்து, பல்கலைக்கழகத்தில் படிக்கும் தமிழ்ப் பெண். சுவிஸ் கடவுச்சீட்டு, சூட்டுக் கழக உறுப்பினர். "அன்ரி, நான் முழுசா வாசிச்ச முதல் தமிழ்ப் புத்தகம் இது. மூண்டு மாசம் எடுத்தது. அம்மாவுக்குச் சத்தமா வாசிச்சன். அம்மா இதுவரைக்கும் சொல்லாத கதையெல்லாம் சொல்லத் தொடங்கீட்டா," என்று எழுதியிருந்தாள்.

அதை எங்கள் வீட்டுக் குசினி மேசையில் அமர்ந்து இரண்டு தரம் வாசித்தேன். பிறகு கணவரைக் கூப்பிட்டு மூன்றாம் தரம், சத்தமாக.