பச்சைத் தூள் உதிர்ற குடைக் காளான்

காளான் விக்கிறவளுக்கு வியாபாரத்தைவிட சந்தேகம் தீர்க்கிற வேலைதான் ஜாஸ்தி. டோல்கேட் பக்கம் பிளாட்பாரத்துல நான் விக்கிறது ஷெட்டுல வளர்த்த சிப்பிக் காளான் மட்டும்தான். ஆனா ரெண்டு நாள் மழை பேஞ்சா போதும், கண்ட எடத்துல முளைச்சதை எல்லாம் பையில போட்டுக்கினு, "இத்த துன்னலாமா செல்வி?"ன்னு வந்து நிப்பாங்க. கடை போட்டு உக்காந்தவங்களுக்கு இந்தப் பேஜாரு புரியும்.

கக்கூசு வரிசை

மொதல்ல என் யோக்கியதையைச் சொல்லிடுறேன். தொழிலுக்கு வந்த புதுசுல, எண்ணூர் போற வழியில ஒரு காம்பவுண்டு புல்லுல வெள்ளைக் குடையா காளான் கொள்ளையா முளைச்சிருந்தது. புத்துக் காளான்னு நெனைச்சு அள்ளிக்கினு வந்துட்டேன். காம்புல மோதிரம் மாதிரி ஒரு வளையம் வேற. புத்துக் காளானுக்கு அது கிடையாதுன்னு அப்ப எனக்கு எவன் சொன்னான்? எங்க வூட்டுக்காரரு கொழம்பை ரெண்டு தபா ஊத்திக்கினாரு.

ரெண்டு மணி நேரத்துல ரெண்டு பேருக்கும் வாந்தி, பேதி. எங்க லைன்ல நாலு குடித்தனத்துக்கு ஒரே கக்கூசு. அவரு வெளிய வந்தா நான் உள்ள, நான் வந்தா அவரு உள்ள. கடைசியில ஆஸ்பத்திரியில படுக்க வெச்சு குளுக்கோஸ் ஏத்தினாங்க. ஆட்டோ ஏறும்போது பக்கெட்டோட நின்ன மாடி வூட்டம்மா கேட்டாங்க: "இன்னாம்மா, புருசனும் பொண்டாட்டியும் கக்கூசை லீசுக்கு எடுத்துக்கினீங்களா?"

வெள்ளிக் கொலுசு

அதுக்கப்புறம்தான் ஒரு காளான் பயிற்சியில போய் உக்காந்தேன். குடையை வெள்ளைப் பேப்பர்ல வெச்சு டம்ளரால மூடிட்டா, மறுநாள் தூள் உதிர்ந்திருக்கும். தூள் பச்சையா இருந்தா நான் துன்ன அதே சனியன். வேற கலர்ல இருந்தா நல்லதுன்னும் அர்த்தம் இல்ல, அதுலயும் ஆளைக் கொல்றது கீது.

ராயபுரம் தெரசாக்கா பத்து வருசமா என் கஸ்டமர், கூடப்பொறந்த அக்கா மாதிரி. அவங்க வூட்டுக்காரரு அந்தோணி மாமா, ரயில்வேல ரிடையர் ஆனவரு. கொதிக்கிற காளான்ல வெள்ளிக் கொலுசைப் போடுவாராம், கறுக்கலன்னா நல்ல காளானாம். "கொலுசுக்கு வாந்தி வராது மாமா, உங்களுக்கு வரும்"னேன். மனுசன் மீசையைத் தடவிக்கினு சொன்னாரு: "முப்பது வருசம் சிக்னல் பார்த்து ரயிலை அனுப்பினவன், எனக்குக் காளான் தெரியாதா?"

புது நன்மை பிரியாணி

அக்கா பேத்திக்குப் புது நன்மை, மாதா கோயில்ல மொத தபா நற்கருணை வாங்குற விசேசம். சாப்பாட்டுக்கு நாப்பது பேரு, பாதி குழந்தைங்க. என்கிட்ட மூணு கிலோ வாங்கிக்கினு, விருந்துக்கும் கூப்ட்டாங்க. நான் போனப்ப எல்லாரும் கோயில்ல. மாமா மட்டும் அடுப்பாண்ட. நறுக்கி வெச்ச அன்னக்கூடையைப் பார்த்தேன், மூணு கிலோ அஞ்சு கிலோவா தெரிஞ்சுது. கையை வுட்டுக் கிளறினா, ஒரு காம்புல வளையம்.

"ரயில்வே யார்டு புல்லுல பறிச்சேன். கொலுசு கறுக்கல"ன்னாரு. எங்களுக்காவது கட்டை ஒடம்பு, அந்தப் பிஞ்சுங்க தாங்குமா? பொறுக்கி எடுக்கலாம்னாரு. பொடியா நறுக்கினதுல எத்தப் பொறுக்குறது? என் மூணு கிலோவையும் சேர்த்துக் குப்பைப் பையில கொட்டிக் கட்டிட்டேன். மாமா கத்தின கத்துல தெருவே கூடிப்போச்சு.

கோயில்ல இருந்து வந்த அக்கா, "என் பேத்தி விசேசத்துல வந்து இப்பிடி பண்ணிட்டியே"ன்னு மூஞ்சியைத் திருப்பிக்கினாங்க. விருந்துக்கு உருளைக்கிழங்கு பிரியாணி. மாமா பறிச்சுக்கினு வந்த பையில மிச்சம் இருந்த முழுக் காளான் ஒண்ணை, குடையை மட்டும் கிள்ளி வெள்ளைப் பேப்பர்ல வெச்சு, டம்ளரால மூடி, "காலையில தூள் பச்சையா இருந்தா விஷம்க்கா"ன்னு சொல்லிட்டு, துன்னாம கிளம்பிட்டேன். ஷேர் ஆட்டோவுல அழுதேன். காளான் போனதுக்கு இல்ல, அக்கா போயிட்டாங்களேன்னு.

மறுநாள் காலையில கடை முன்னாடி அக்கா. கையில அந்தப் பேப்பர். அதுல வட்டமா பச்சைத் தூள். என் கையைப் புடிச்சுக்கினு சொன்னாங்க: "இத்த பிரேம் போட்டு அடுப்பாண்ட மாட்டப் போறேன் செல்வி. முப்பது வருசம் பச்சையைப் பார்த்து வண்டியை அனுப்பின மனுசன், இந்தப் பச்சையைப் பார்த்தாவது நிக்கட்டும்."

காளானை விக்க ஒரு தராசு போதும், குப்பையில கொட்டத்தான் ஒரு தெருவையே பகைச்சுக்க வேண்டியிருக்கு.