நாற்பத்திரண்டில் மூன்று

காப்பீட்டு அலுவலகத்தின் அடித்தளத்தில் இருந்த பழைய சாமான் கிடங்கைப் பதினேழு வருடம் ஒற்றையாளாகக் கட்டி மேய்த்தவளுக்குத் தராசக்கா என்று மாடிக்காரர்கள் பெயர் வைத்திருந்தார்கள். கால் உடைந்த நாற்காலியோ புகைந்துபோன பிரிண்டரோ, எடை போடாமல் வாசலைத் தாண்ட விடமாட்டாள். உடைத்து உருக்கப் போவது மறுசுழற்சி. வேறு யாராவது எடுத்துப் பயன்படுத்தினால் மறுபயன்பாடு. வருடக் கடைசியில் இரண்டுக்கும் விழுக்காடு போட்டு மேலே அனுப்புவாள்.

அந்த வருடம் நாற்பத்திரண்டு கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டினார்கள். தங்கை வேலை பார்க்கும் பள்ளிக்குக் கொடுக்கலாமே என்று வாயைத் திறந்தவள் அவள்தான். ஆறு மாதம் கழித்து ஒருநாள் லீவு போட்டு, எத்தனை ஓடுகிறது என்று எண்ணிப் பார்க்கப் போனாள்.

தங்கை நூலக அறையைத் திறந்தாள். கூரைவரை கம்ப்யூட்டர் அடுக்கு.

"புத்தகமெல்லாம் எங்கடி?"

"வராந்தாவுல. மழையில பாதி போச்சு. நீங்க அனுப்பினது வெறும் கூடுக்கா. ஹார்டு டிஸ்க்கே இல்ல. யாரோ ஒரு புண்ணியவான் மூணுக்கு வாங்கி மாட்டினாரு. மிச்சத்த வெச்சு நான் என்ன பண்ண?"

தகவல் வெளியே போய்விடும் என்று மாடியில் கழற்றியது அவளுக்குத் தெரியும். வேறு மாட்டித்தான் தருவார்கள் என்று நம்பியிருந்தாள்.

மறுபயன்பாடு மூன்று என்று எழுதிக்கொண்டுபோய் மேலாளரிடம் நீட்டினாள்.

"ஏம்மா, நம்ம கேட்டைத் தாண்டினா அது மறுபயன்பாடு. அங்க ஓடுதா படுத்திருக்கான்னு பாக்கறதா உங்க வேலை?"

"அளக்கச் சொன்னீங்க சார். அளந்தேன்."

அச்சாகி வந்த அறிக்கையில் நாற்பத்திரண்டு என்றிருந்தது. கீழே அளவீடு செய்தவர் என்று அவள் பெயர். அதற்கொரு விருதும் கிடைத்தது. மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறதே என்று நினைத்தபடி ஏறினாள். கேடயத்தின் ஒரு முனையை மேலாளர் பிடிக்க, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள்.

ஓடாத பெட்டிகளையாவது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று பிறகு மேலாளரிடம் கேட்டுப் பார்த்தாள்.

"உள்ள வந்தா நம்பர் கெட்டுப்போயிடும்மா."

அடுத்து மறுபயன்பாடு என்ற பேரில் ஒரு லாரி ஓடாத பிரிண்டர்கள் கிளம்பியபோது கையெழுத்துப் போடமாட்டேன் என்று நின்றாள். மேலாளர் கோபப்படக்கூட இல்லை. மாடியிலிருந்து ஒருவர் இறங்கி வந்து போட்டுக் கொடுத்தார், லாரி போய்விட்டது. மறுவாரம் அவளைத் தபால் பிரிவில் தூக்கிப் போட்டார்கள்.

தங்கைக்குப் போன் செய்து சொன்னாள்.

"இத அந்த மேடையிலயே சொல்லியிருக்கலாமேக்கா. போட்டோ பாத்தேன். நல்லாத்தான் சிரிச்சிருந்த."

உறவு ஒன்றும் அறுந்துவிடவில்லை. நல்லது கெட்டதுக்குப் பேசிக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடப் பேச்சை மட்டும் இருவரும் எடுப்பதில்லை.