கொண்டைக்குருவி குடியிருந்த கதவு

என் அக்காவின் புருஷனுக்குப் பூட்டுதான் உலகம். கடைவீதியில் எல்லோருக்கும் அவர் பூட்டுக்காரர், எனக்கு அத்தான். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பார். ஒருமுறை துக்க வீட்டில் பீரோவுக்கு எண்ணெய் கேட்டு எங்கள் மானத்தை வாங்கினார். பேச்சில் மட்டும் மகா கஞ்சன். "ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறீங்க, உங்க வாய்க்குத்தான் சாவி இல்லை" என்று முகத்துக்கு நேராகவே சொல்வேன். சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார்.

வீட்டின் முன்பக்கம் கடை, நடுவில் அவர்கள், மாடி அறையில் தையல் மிஷினோடு நான். பின்னால் சின்னத் தோட்டம். அதற்கு ஓர் இரும்புக் கதவு, சந்துப் பக்கம் திறக்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய ஒரே மகள், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு, தன்னிடமிருந்த சாவியால் திறந்து அந்தக் கதவு வழியாகத்தான் போனாள். அன்று அத்தான் கத்தவில்லை, அழவில்லை. கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கதவின் பூட்டைக் கழற்றினார். அக்கா ஜன்னலிலிருந்து பார்த்தாள். உடனே மகளுக்கு போன் போட்டாள். "உங்கப்பா பூட்டையே மாத்துறாருடி. இனி இந்தப் பக்கம் வராதே" என்று சொல்லி அழுதாள். அதோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நிறுத்தினாள் என்றால் அடியோடு நிறுத்தினாள். "சோறு ஆறுது, சாப்பிடுறவங்க சாப்பிடலாம்" என்பாள் சுவரிடம். "உப்பு கம்மி" என்பார் அவர், ஃபேனைப் பார்த்து. அவசரமென்றால் நான்தான் தூது. துணியும் தைத்து, இந்த இரண்டு பேருக்கும் தபாலும் கொண்டுபோய்க் கொடுத்து எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

திறக்காத கதவில் கொடி ஏறியது. இந்த வருஷம் பூட்டுக்கு ஒரு சாண் மேலே, அந்தக் கொடிக்குள் கொண்டைக்குருவி கூடு கட்டி முட்டையிட்டது. அந்த வாரம்தான் மகளிடமிருந்து போன். அவள் பையன் நடக்க ஆரம்பித்துவிட்டானாம்.

"இவனைக் கூட்டிட்டு வரணும்னு இருக்கும்மா. ஆனா கடை வழியா வந்து நாலு பேர் முன்னாடி நிக்க மாட்டேன். போன வழியாத்தான் வருவேன்."

பிடிவாதத்தில் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை!

"பேரனைக் கூட்டிட்டு வரணுமாம். பின் கதவு வழியாத்தான் வருவாளாம்" என்று அக்கா சுவரிடம் சொன்னாள். சுவரும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு ஃபேனைப் பார்த்தார். "இப்போ கதவைத் தொட்டா கூடு போயிடும். குஞ்சு பறக்கட்டும். அப்புறம் வரட்டும்."

வரட்டும்! அந்த ஒரு வார்த்தையில் அக்கா அடுப்பில் இருந்த பாலை மறந்தாள். அன்றிலிருந்து அவள் உயிர் அந்தக் கூட்டில் இருந்தது. குஞ்சு பிழைத்தால் மகள் வருவாள். பிழைக்காவிட்டால் இந்த மனுஷன் என்ன சொல்வாரோ என்று பயந்தாள்.

அக்கா சமையலறை ஜன்னலில், அத்தான் கடையின் பின்வாசலில், நான் மாடியில். மூன்று பேரும் ஒரு கையகலக் கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்று குஞ்சுகள். ரோமம் இல்லை, கண் திறக்கவில்லை, வாய் மட்டும் இத்தனை பெரிது. தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழு கொண்டுவரும். ஊட்டிய கையோடு குஞ்சு போட்ட எச்சத்தை அலகில் கவ்விக்கொண்டு போய் வெளியே போடும்.

"ரெண்டுல ஒண்ணு ஆம்பளைதானே? அதுவும் எச்சம் அள்ளுது, பாருங்க அத்தான்" என்றேன்.

ஒருநாள் காலையில் காகம் வந்தது. அக்கா கரண்டியோடு ஓடிப் போய்ச் சேருவதற்குள் ஒரு குஞ்சைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெற்ற குருவி கம்பியில் உட்கார்ந்து கத்தியது. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து, "போச்சு, எல்லாம் போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அத்தான் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு ஸ்டூலையும் குடையையும் எடுத்துக்கொண்டு வந்து தோட்டத்தில் உட்கார்ந்தார். காகம் வந்தால் குடையை விரிப்பார். சாவி வெட்ட வந்தவர்கள் கடையில் நின்று கத்தினால், உட்கார்ந்த இடத்திலிருந்தே "நாளைக்கு வாங்க" என்று குரல் கொடுப்பார். அதற்கு முன்னால் வந்த ஆளை அவர் திருப்பி அனுப்பி நான் பார்த்ததே இல்லை. தூறல் போட்டபோதும் எழுந்திருக்கவில்லை.

மிச்சம் இரண்டும் வெளியே வந்தன. பறந்தன என்று சொல்ல முடியாது. கொடியிலிருந்து விழுந்து, வால்கூட முளைக்காமல் செடிக்குச் செடி தத்தின. பெற்றவை விடவில்லை. எந்த இலைக்கடியில் ஒளிந்திருந்தாலும் தேடிப் போய் ஊட்டின.

அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கூட்டை விட்டுப் போனதையும் தேடிப் போய் ஊட்டுது. குருவிக்கு இருக்கிற மனசு" என்றாள், சுவரிடம்தான்.

அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். குஞ்சுகள் அடுத்த வீட்டு மரத்துக்குப் போன பிறகு, கத்தரியோடு வந்து கதவைப் பிணைத்திருந்த கொடியை வெட்டினார். வெறும் கூட்டைக் கலையாமல் எடுத்து மதில்மேல் வைத்தார்.

மகள் வந்தாள். சந்தில் வண்டி நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளையின் மழலை கேட்டது. அத்தான் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.

அக்கா என்னிடம் திரும்பினாள். "சாவியை எடுத்துட்டு வந்து திறக்கச் சொல்லு."

"அவகிட்டதான் சாவி இருக்கே" என்றார் அத்தான், தரையைப் பார்த்து.

அக்கா அவர் எதிரே போய் நின்றாள். சுவரை விட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தே பேசினாள். "நீங்கதான் பூட்டை மாத்திட்டீங்களே!"

"மாத்தினேனா? யார் சொன்னது?" அவர் நிமிர்ந்தார். "துரு ஏறியிருந்தது. கழட்டி எண்ணெய் போட்டு மாட்டினேன். திரும்பி வர்றப்போ அவ சாவி சிக்கக் கூடாதுல்ல." "இப்பவும் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவதான் வரலை."

அவர் கொடிக்குள் கையை விட்டு எண்ணெய் போடுவதை நானும் பார்த்திருக்கிறேன். பூட்டுப் பைத்தியம், வேறென்ன என்று இருந்துவிட்டேன். அப்பா அடைத்துவிட்டார் என்று அவள் அங்கே அழ, மகள் வரவில்லையே என்று இவர் இங்கே காத்திருக்க, அட பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

அக்காவும் அதையே கேட்டாள். "ஏங்க என்கிட்ட சொல்லலை?"

"நீ கேக்கவே இல்லையே" என்றார்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கதவருகே ஓடினாள். "உன் பழைய சாவியைப் போடுடி! பூட்டு அதேதான். அப்பா மாத்தவே இல்லை!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிள்ளைகூடப் பேசவில்லை. அவள் அந்தச் சாவியை என்றைக்கோ தூக்கி எறிந்திருப்பாளோ என்று பயந்தேன். அத்தான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு பைக்குள் துழாவும் ஓசை கேட்டது.

சாவி உள்ளே போனது. ஒரே திருப்பு. கொஞ்சமும் சிக்கவில்லை.