ஒரு ஓட்டும் விழாத நாள்

சில வருஷங்களுக்கு முன்னால், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு தேர்தல் நாளில் நடந்தது இது. இடம், நத்தம் பக்கம் மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் சத்துணவு சமைக்கிறேன். வீடும் பள்ளிக்கூடச் சுவரை ஒட்டித்தான். எதற்கெடுத்தாலும் பயப்படுவது என் குணம். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன், பிறகு திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அதுவும் திண்டுக்கல் பூட்டை.

ஓட்டுப் போடுவதில் எங்கள் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. முன்பு எங்களுக்குச் சொந்தமாக வாக்குச்சாவடி கிடையாது. ஓடையைத் தாண்டிப் பக்கத்து ஊருக்கு நடந்து போய்த்தான் போடுவார்களாம். மனுமேல் மனுவாகக் கொடுத்து, எங்கள் பள்ளிக்கூடத்துக்கே சாவடியை வாங்கி வந்தார்கள். அதன் பிறகு எந்தத் தேர்தலானாலும் காலை ஏழு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். திருப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள்கூட வேன் பிடித்து வந்துவிடுவார்கள். கல்யாணமாகி நான் இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு ஓட்டைக்கூட விட்டதில்லை.

அப்படிப்பட்ட ஊர், அந்த முறை ஓட்டே போடுவதில்லை என்று முடிவெடுத்தது. ஓடைப் பாலம் மழையில் இடிந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. பஸ் நின்றுபோனது. தோப்பில் மாங்காய் பழுத்துக் கிடக்க, லாரி உள்ளே வர முடியவில்லை. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கட்டிலில் வைத்து ஓடையில் தூக்கிப் போனார்கள். எல்லா ஆபீசிலும் ஏறி இறங்கிப் பார்த்தபிறகு, ஊர்க்கூட்டம் போட்டு வீட்டுக்கு வீடு கருப்புக்கொடி கட்டினோம். கோயில் மைக்கில் அறிவிப்பும் வந்தது. ஓட்டும் கிடையாது, வருகிற அதிகாரிகளுக்குச் சோறு தண்ணியும் கிடையாது. மீறினால் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் வராது. மைக்கில் பேசியது வேறு யாருமில்லை, என் சின்ன மாமனார்தான். ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

எப்போதும் தேர்தல் ஆட்களுக்கு நான்தான் சமைத்துப் போடுவேன். சமைக்கவில்லை என்றால் வேலைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு பயம். சமைத்தால் ஊர் ஒதுக்கிவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம். வீட்டுக்காரர் திருப்பூரில். வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு நான் தனியாக இருக்கிறேன். நாளைக்கு அவளுக்கு ஒரு விசேஷம் என்றால் ஊர் வேண்டாமா? பள்ளிக்கூடச் சமையலறைச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டேன்.

தேர்தலுக்கு முதல் நாள் சாயந்திரமே ஓட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் ஒரு போலீஸ்காரரும் வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைமையாக வந்தது ஒரு டீச்சர். திண்டுக்கல் டவுனில் ஏதோ பள்ளிக்கூடமாம். ஊரில் இருந்த ஒரே கடையும் பூட்டிக் கிடந்தது. மறுநாள் காலை சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வரிசை நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாய் படுத்திருந்தது.

பத்து மணி இருக்கும். அந்த டீச்சரே சுவரோரம் வந்து நின்றார்கள்.

"ஏம்மா, எனக்குச் சர்க்கரை இருக்கு. மாத்திரை போட்டுட்டேன், இனி சாப்பிடாம இருக்க முடியாது. எங்ககிட்ட இனிப்பு பிஸ்கட்டுதான் இருக்கு. கஞ்சி கிஞ்சி ஏதாவது இருந்தாக் குடுங்களேன்."

எதிர்வீட்டுத் திண்ணையில் ரெண்டு பேர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் அடுப்பே பத்தவைக்கல டீச்சர்" என்றேன்.

எனக்குப் பின்னால் வாசல் விறகடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. புகை என் தலைக்கு மேலேயே போனது. டீச்சர் அந்தப் புகையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்கள். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார்கள்.

அந்தச் சோற்றை வடித்து இறக்கினேன், ஆனால் ஒரு வாய்கூட இறங்கவில்லை. அந்த அம்மா மயங்கி விழுந்துவிட்டால்? ஓடையைத் தாண்டி யார் தூக்கிப் போவது? பாலம் இல்லாததால் எங்கள் ஊர்ப் பெண் பட்ட பாட்டை இவர்களும் பட வேண்டுமா? என் மகள்தான், "அம்மா, பயந்துக்கிட்டே குடுத்துட்டு வா. பயப்படாமதான் குடுக்கணும்னு யாரு சொன்னா?" என்றாள்.

ஒரு டிபன் பாக்ஸில் சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் போட்டு மூடினேன். அதை ஒரு கூடையில் வைத்து மேலே ஆட்டுப் புல்லைப் பரப்பினேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் சுவர் இடிந்த ஒரு சந்து உண்டு. அதில் நுழைந்தால், எதிரே என் சின்ன மாமனார் நிற்கிறார்.

"எங்கத்தா போற?"

"ஆட்டுக்குப் புல்லு மாமா."

"பள்ளிக்கூடத்துல ஏது ஆடு?"

தலையைக் குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன், அவர் கையில் இருந்த எதையோ தோள்துண்டு மூடியிருந்தது. துண்டுக்குக் கீழே சொட்டுச் சொட்டாக மோர் சிந்திக்கொண்டிருந்தது. தூக்குவாளி.

"மாமா, சிந்துது" என்றேன்.

துண்டை இழுத்து மூடினார். "உங்க அத்தை குடுத்துவிட்டா. வெயிலு அம்புட்டு அடிக்குதுல்ல."

"சோறு தண்ணி கிடையாதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

"நான் எங்க சொன்னேன்? மைக்கு சொல்லுச்சு." சந்தின் ரெண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். "நீ என்னையப் பாக்கல. நான் உன்னையப் பாக்கல. முன்னாடி போ, சோறு ஆறிரும்."

உள்ளே போனால் மேஜையில் இடமில்லை. சாம்பார், தயிர்ச்சோறு, அவிச்ச முட்டை, நறுக்கிய மாங்காய். எங்களுக்கு முன்னால் அந்தச் சந்தில் யார் யாரோ வந்து போயிருக்கிறார்கள். டீச்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முகம் தெளிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, பாக்ஸை வாங்கிக்கொண்டார்கள்.

"டீச்சர், காலையில அடுப்பு..." எனக்கு அழுகை வந்துவிட்டது.

"புகையைப் பாத்தேம்மா. பயமும் தெரிஞ்சுச்சு. விடுங்க. எங்களையும் யாருகிட்டயும் வாங்கிச் சாப்பிடக் கூடாதுன்னுதான் சொல்லி அனுப்புனாங்க." சிரித்தார்கள். பிறகு மெதுவாக, "ஓட்டு மட்டும் வேண்டாமாம்மா?" என்றார்கள்.

மெஷின் பத்தடி தூரத்தில் இருந்தது. மைப் புட்டி அப்படியே கிடந்தது. பதிவேட்டில் ஒரு கையெழுத்தும் இல்லை. வாக்காளர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்கு அந்த ஒரு கையெழுத்துப் போடுவது எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

"பாலம் வரட்டும் டீச்சர்" என்றேன். அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அதற்குமேல் கேட்கவில்லை.

சாயந்திரம் ஓடைக்கு அக்கரையில் வண்டி வந்து நிற்க, மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு ஓட்டும் விழவில்லை.

மறுநாள் காலை பள்ளிக்கூடத்துக்குள் போனவளுக்குப் பகீர் என்றது. கொண்டுவந்த பாத்திரங்கள் எல்லாம் பளபளவென்று கழுவி, மூடி, பெஞ்சின் மேல் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் பெயர் வெட்டியிருந்தது. கல்யாணச் சீராக வந்த பாத்திரத்தில் பெயர் வெட்டாத வீடு ஏது? திருட்டுத்தனமாகச் சோறு கொண்டுவந்த அத்தனை பேரும் தங்கள் பெயரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறோம். அந்தப் பயத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

ஓடி ஓடி ஒளித்து வைக்கப் பார்த்தேன். அதற்குள் ஒவ்வொருத்தியாக வந்துவிட்டார்கள். "உன்னோடதா? என்னோடதும் இங்கதான் கிடக்கா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு. கருப்புக்கொடியை முதலில் கட்டிய வீட்டுக்காரியின் பாத்திரம்தான் இருந்ததிலேயே பெரிசு. சின்ன மாமனார் கடைசியாக வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் தூக்குவாளியை எடுத்துக்கொண்டார்.

என் பாக்ஸைத் திறந்தேன். உள்ளே ரெண்டு பிஸ்கட். எல்லாப் பாத்திரத்திலும் ரெண்டு ரெண்டு பிஸ்கட். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று, தங்களிடம் இருந்ததைப் பங்கு வைத்துப் போட்டிருக்கிறார்கள். சின்ன மாமனார் அங்கேயே நின்று அந்த ரெண்டையும் தின்றார்.

பாலம் உடனே வந்துவிடவில்லை. அலைந்து அலைந்துதான் வந்தது. அடுத்த தேர்தலில் வரிசை மறுபடியும் வாசலைத் தாண்டி நின்றது. நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டேன். வந்த ஆட்களில் அந்த டீச்சர் இருக்கிறார்களா என்று தேடினேன், இல்லை.

என் பயம் இன்னும் போகவில்லை. வாசலில் வந்து யாராவது தண்ணீர் கேட்டால், யார் பார்க்கிறார்கள் என்று இப்போதும் நான் திரும்பிப் பார்க்கத்தான் செய்கிறேன். ஆனால் சொம்பைக் கையில் எடுத்த பிறகுதான்.