ஒழுகாத கூரைக்கு ஒரு மனு

ஐம்பதுகளின் கடைசியில் பெங்களூரில் எனக்கு இரண்டு வேலை. பகலில் கண்டோன்மென்ட் பக்கத்து இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். சாயங்காலத்தில், மானியம் கேட்கிற தர்ம ஸ்தாபனங்களுக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுப்பவன். சாயங்கால வேலைக்குக் கூலி ஒரு காபி. நல்ல சங்கமாக இருந்தால் கூடவே பேக்கரி பன்னும் வரும். என் மனைவி இதைத் தேச சேவை என்று சொல்லுவாள். சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. யாருக்கு என்ன பிடிக்கும் என்று தெரியும். வெளிநாட்டு மிஷனுக்கு எழுதினால் ஒரு குழந்தையின் கதை வேண்டும். மில் முதலாளிக்கு எழுதினால், அவருடைய அப்பா பெயரைச் சுவரில் எந்த இடத்தில் பதிப்போம் என்று முதல் பாராவிலேயே சொல்லிவிட வேண்டும். சர்க்காருக்கு என்றால் கமிட்டி, ரிஜிஸ்டர் நம்பர், ஆடிட் ரிப்போர்ட், நடுநடுவே கொஞ்சம் ஐந்தாண்டுத் திட்டம். எல்லா மனுவுக்கும் பொதுவாகக் கஷ்டத்தைத் தாராளமாகச் சேர்ப்பேன். என் மனுக்களில் வருஷம் முழுக்க மழை பெய்யும்.

அப்படித்தான் சிவாஜிநகர் பின்பக்கத்து நர்ஸம்மா என்னிடம் வந்து சேர்ந்தார். கோலார் தங்கவயல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். வேலைக்குப் போகிற பெண்களின் குழந்தைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு கொட்டகையை நடத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண்கள் பிரேசர் டவுன் பங்களாக்களில் பாத்திரம் தேய்ப்பவர்கள், தெரு பெருக்குபவர்கள். கொட்டகையின் ஆயாவுக்குச் சம்பளமும் பிள்ளைகளுக்குப் பாலும் ஒரு வெள்ளைக்காரத் துரைசானியின் தயவில் நடந்துவந்தன. அந்த அம்மாள் சீமைக்கே திரும்பிப் போவதாக முடிவு செய்துவிட்டார்.

“அவங்க கப்பல் ஏறிட்டா அந்த மாசமே கொட்டாய மூடணும் சார்,” என்றார் நர்ஸம்மா. “மூடினா இதுங்க புள்ளைய வீட்ல வச்சுப் பூட்டிட்டுப் போகும். இல்லேன்னா வேலைய விடும். ரெண்டுமே நல்லதில்ல.”

சர்க்காரில் இதற்கென்று மானியம் கொடுக்கும் போர்டு ஒன்று இருந்தது. கொட்டகையைப் போய்ப் பார்த்தேன். தகரக் கூரையில் இரண்டு மூன்று ஓட்டைகள், மண் தரை. எனக்கு ஒரே சந்தோஷம். இப்படி ஒரு கூரை கிடைத்தால் எந்த மனுக்காரனும் விடமாட்டான். மூன்று பக்கம் எழுதினேன். கூரையைப் பிரித்துப் போட, தரையைப் பூச, பாலுக்கு, ஆயாவுக்கு என்று கேட்டு, ‘ஒட்டிய வயிறும் ஈரத் தரையும்’ என்று ஒரு வரியையும் சேர்த்தேன். அதை டைப் அடித்துவிட்டு எனக்கு நானே இரண்டு தரம் படித்துக் காட்டிக்கொண்டேன்.

நர்ஸம்மா அதை அப்படியே அனுப்பியிருக்கலாம். ஆனால் தாய்மார்கள் கையெழுத்துப் போடுகிற காகிதத்தில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். ஒரு சாயங்காலம் கூட்டம் கூட்டி, என்னையே தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

“யாரு வயிறு ஒட்டிக் கீது?” என்றாள் முன்வரிசையில் இருந்த ஒருத்தி. அவளுடைய பையன் மடியில் பூசணிக்காய் மாதிரி உட்கார்ந்திருந்தான். “இத பாத்தா உனக்கு ஒட்டுன வயிறாட்டமா கீது?”

“அப்படி இல்லம்மா, இது ஒரு எழுத்து முறை.”

“எந்த முறையில எழுதினாலும் என் புள்ள என் புள்ளதானே சார்?”

“ஈரத் தரையில போட்டிருக்கோம்னு வேற எழுதிட்டாரு,” என்றாள் இன்னொருத்தி. “ஊர்ல தெரிஞ்சா மாமியா என்ன சொல்லும்? நாங்க என்ன பிச்சையா கேக்கறோம்?”

“மானியம் வேணும்னா கொஞ்சம் அப்படித்தான்மா எழுதணும்,” என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். கைநாட்டு வைத்தவர்கள் கொஞ்சம் அழுத்தியே வைத்தார்கள். மனு போயிற்று. நேரில் பார்க்க ஆபீசர் வருவார் என்று போர்டிலிருந்து பதில் வந்தபோது, பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது என்று நர்ஸம்மாவிடம் சொன்னேன். வீட்டிலும் சொல்லி, அன்றைக்கு வடை கேட்டேன்.

ஆபீசர் ஒரு அம்மாள், ஆனேக்கல்காரர். பேச்சு கன்னடம், ஆனால் தமிழ் நன்றாகவே புரியும். ஜீப்பில் வந்து இறங்கினார். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு நானும் சைக்கிளில் போயிருந்தேன். கொட்டகையைப் பார்த்ததும் இடம் மாறி வந்துவிட்டேனோ என்று தோன்றியது.

கூரை முழுக்கப் புதுத் தார் பளபளத்தது. தரை சிமென்ட் பூசி, ஓரத்தில் செம்மண் கோலத்தோடு இருந்தது. பிள்ளைகள் எண்ணெய் வைத்து வகிடெடுத்து, பவுடர் பூசி, கடன் வாங்கிய சட்டைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆபீசருக்கு ஒரு மல்லிகை மாலை. எனக்கும் ஒரு சின்ன மாலை. எதற்கு என்று அப்போது புரியவில்லை.

“போன ஞாயித்துக்கிழமை அவங்கவங்க வூட்டுக்காரங்க சேந்து பண்ணிட்டாங்க,” என்று நர்ஸம்மா என் காதில் சொன்னார். “ரோட்டு வேலையில மிச்சமான தாரு. ‘அந்த சார் எழுதினதப் பாத்துட்டு வர்றவங்க முன்னாடி மானம் போவுது’ன்னாங்க. எனக்கே நேத்துதான் தெரியும். உங்களாலதான் கூரை வந்துச்சுன்னு உங்களுக்கும் ஒரு மாலை.”

ஆபீசர் ஃபைலைப் பிரித்து, அண்ணாந்து பார்த்து, மறுபடி ஃபைலைப் பார்த்தார். “எல்லி சோருத்தே, ஸ்வாமி?” என்று என்னிடம் கேட்டார். எங்கே ஒழுகுகிறது?

“மழை இல்லாத நாள் மேடம். மழையில பாத்தாதான் தெரியும்,” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஒரு வாளி தண்ணீரைக் கூரையில் ஊற்றிக் காட்டச் சொன்னார். ஒருத்தியின் புருஷன் ஏணி வைத்து ஏறி ஊற்றினான். எல்லாரும் அண்ணாந்து நின்றோம். ஒரு சொட்டாவது விழ வேண்டும் என்று நான் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. தாய்மார்கள் கை தட்டினார்கள். “இன்னொரு வாளி ஊத்துய்யா,” என்று ஒருத்தி உற்சாகப்படுத்தினாள். அவனும் ஊற்றினான்.

ஆபீசர் ஃபைலை மூடினார். “ஹாகாதரே நிமகே துட்டு யாக்கே?” என்றார்.

அப்படியானால் உங்களுக்குப் பணம் எதற்கு? மூன்று பக்க மனுவில் மழையை எடுத்துவிட்டால் மிச்சம் ரொம்பக் குறைச்சல். நர்ஸம்மா வாயைத் திறப்பதற்குள் அந்தப் பூசணிக்காய்ப் பையனின் அம்மா முந்திக்கொண்டாள்.

“தாரு ஊத்த ஒரு ஞாயித்துக்கிழமை போதும்மா. அத ஊத்திட்டோம். புள்ளைய பாத்துக்க தெனமும் ஆளு வேணுமே. நாங்களே இங்க உக்காந்துகினா பங்களாவுல யாரு பாத்திரம் தேய்க்கறது?”

“நீங்க வேணா வாங்க,” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி என்னைப் பார்த்து. நான் மாலையைச் சரி செய்துகொண்டேன்.

நர்ஸம்மா துரைசானி போகிற விஷயத்தைச் சொன்னார். என் மனுவில் அது மூன்றாம் பக்கத்துக் கடைசியில் இருந்தது. ஆபீசர் அதுவரை படித்திருக்கவில்லை. யார்தான் படிப்பார்கள்? அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பேனாவை எடுத்து, கூரை, தரை இரண்டையும் அடித்தார். ஒட்டிய வயிற்றையும் அடித்தார். பால், ஆயா சம்பளம் இரண்டையும் விட்டுவைத்தார்.

“இவங்க கூரை போட்டதைக் கமிட்டி தன் கையிலிருந்து போட்ட பங்குன்னு காட்டலாம். எங்க ரூல்ல அதுக்கு இடம் இருக்கு,” என்று தமிழிலேயே சொன்னார். “நாளைக்கு ஒரே பக்கத்துல அடிச்சு ஆபீசுக்குக் கொண்டு வாங்க. மழை வேண்டாம்.”

அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் வாழ்க்கையிலேயே மிகச் சின்ன மனு அது. ஒரு வருஷத்துக்கு மட்டும் மானியம் வந்தது, பாலுக்கும் ஆயாவுக்கும்.

துரைசானி கப்பல் ஏறின வாரம், ஆபீஸ் போகிற வழியில் சைக்கிளை அந்தப் பக்கம் திருப்பினேன். ஆயா கதவைத் திறந்திருந்தாள். தாய்மார்கள் இடுப்பிலிருந்த பிள்ளைகளை இறக்கிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓடினார்கள். பால்காரர் கேனை இறக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன சார், நின்னுட்டீங்க?” என்றார் நர்ஸம்மா. “அடுத்த வருஷத்துக்கு இப்பவே ஆரம்பிச்சுடுங்க.”

“இன்னும் எவ்வளவோ நாள் இருக்கே, சிஸ்டர்.”

“எங்க இருக்கு? நீங்க எழுத ஆறு மாசம். அத இந்தத் தாய்மாருங்க அடிச்சுத் திருத்த ஆறு மாசம்.”