விழுப்புரம் லைன்

எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. அப்படிப்பட்டவளைத்தான் எண்பதுகளில் திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்கால் போர்டில் உட்காரவைத்திருந்தார்கள். வெளியூருக்குப் பேசுகிறவர்களுக்கு லைன் போட்டுக் கொடுப்பது என் வேலை. விழுப்புரத்தில் இதே வேலை பார்த்த பெண்ணை நான் நேரில் பார்த்ததில்லை. நான் அவளை "விழுப்புரம்" என்பேன், அவள் என்னைத் "திண்டிவனம்" என்பாள். எங்களுக்கு அதுதான் பெயர்.

அந்த ஆடி மாதத்தில் என் அக்கா பிரசவத்துக்காக விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். வலி கண்டு ஒரு நாள் ஆகியும் குழந்தை பிறக்கவில்லை. மத்தியானம் அக்கா வீட்டுக்காரர் போன் செய்தார்.

"ஆப்ரேஷன் பண்ணணும்ன்றாங்கம்மா. உங்க அக்காவுக்கு..."

அத்தோடு லைன் கட்டாகிவிட்டது.

மறுபடி போட்டேன். "விழுப்புரம்" என்று குரல் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் கரகரவென்று இரைந்து அதுவும் போயிற்று. பிளக்கை மாற்றினேன், ஹெட்செட்டை மாற்றினேன், பக்கத்து சீட்டுக்காரியிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். மற்ற ஊர் லைன்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. விழுப்புரம் லைன்கள் எல்லாமே ஒரே கம்பத்து வரிசையில் போகிறவை. எதில் போட்டாலும் அதே கதி. பஸ் ஏறிவிடலாமென்றால், மாற்று ஆள் வராமல் போர்டை விட்டு எழ முடியாது.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் பேயாட்டம் ஆடியது. அது ஓய்ந்தால் லைன் பிடிக்கும், ஆடத் தொடங்கினால் கட்டாகும். சில முறை பார்த்துவிட்டு லைன்மேனைக் கூப்பிட்டேன்.

"காத்தடிச்சாதாண்ணே கட்டாவுது. எங்கியோ கம்பி மேல எதுவோ உரசுது. ஜல்தி போங்கண்ணே."

"பஸ்ல போய்க்கினே பாத்துர்றேம்மா."

ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து கம்பம் கம்பமாகப் பார்த்துக்கொண்டே போவது அவர் வழக்கம்.

காற்று சற்று ஓய்ந்தபோது விழுப்புரம் கிடைத்தாள். "எங்க அக்கா ஆஸ்பத்திரில இருக்காங்க. கேட்டுச் சொல்லுங்க" என்று பெயரைச் சொல்லி முடித்தேன். "பயப்படாதீங்க திண்டிவனம், நான்..." என்றாள். மரம் ஆடியது.

அடுத்து லைன்மேன். வழியில் ஒரு ஊரில் இறங்கி, கம்பத்தில் ஏறி, கையோடு கொண்டுபோன போனைக் கம்பியில் மாட்டிப் பேசினார்.

"அம்மன் கோயில் திருவிழாம்மா. சீரியல் பல்பு தொங்கவுட நம்ம கம்பத்துல கட்டுக்கம்பி இழுத்துக் கட்டிக்கிறானுங்க. காத்தடிச்சா அது நம்ம லைன் மேல வுழுது. கேட்டா, கரண்டு கம்பத்துல கட்டுனா ஆபத்து, போன் கம்பத்துல ஒண்ணியும் ஆவாதுன்றாங்க. பெரிய பேஜாரு! அம்மன் ஊர்வலம் முடியாம அவுக்கக் கூடாதாம்."

அன்று அந்த அம்மனையே திட்டினேன்.

"பிரசவத்துல ஒருத்தி உசுருக்குப் போராடிக்கினு இருக்கான்னு சொல்லுங்கண்ணே. அம்மனும் பொம்பளதானே, கோச்சிக்க மாட்டா!"

அவர் அப்படியே சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கம்பியை அவிழ்த்துவிட்டார்கள். மரம் ஆடியபோதும் லைன் கட்டாகவில்லை. நான் போடுவதற்கு முன்பே விழுப்புரத்திலிருந்து மணி அடித்தது.

"திண்டிவனம்" என்றாள். துளி இரைச்சல் இல்லை. பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல் இருந்தது.

"கொழந்த நல்லாருக்குங்க. பொம்பளப் புள்ள."

"அக்கா?"

பதில் வரவில்லை. மறுபடி காற்றுதான் என்று நினைத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வேப்பமரத்தில் ஓர் இலைகூட ஆடவில்லை.